சூடு ஆறிய குடுவை: பிளஸ் டூ வேதியியல் தேர்வு அனுபவங்கள்

தஞ்சாவூர் உறுப்பினர்:

என் அக்காள் மகன் வருகிற மார்ச்சில் பிளஸ் டூ தேர்வு எழுதப் போகிறான். "கெமிஸ்ட்ரிக்கு எப்படிப் படித்தீர்கள், மாமா?" என்று அவன் கேட்டபோது, படித்ததைவிடக் கோட்டைவிட்டதுதான் முதலில் நினைவுக்கு வந்தது. நாங்கள் எழுதிய காலத்தில் வேதியியலுக்கு மொத்தம் 200 மதிப்பெண். எழுத்துத் தேர்வுக்கு 150, செய்முறைத் தேர்வுக்கு 50. அந்த 50 கையில் இருக்கும் காசு என்றுதான் வகுப்பில் எல்லோரும் எண்ணியிருந்தோம். பதிவேட்டை முந்தைய ஆண்டு மாணவர் ஒருவருடையதைப் பார்த்து அழகான கையெழுத்தில் எழுதி முடித்திருந்தேன். எழுதியதை ஒருமுறையாவது நிதானமாகப் படித்தேனா என்றால், இல்லை.

தேர்வில் எனக்கு வந்தது ஆக்சாலிக் அமிலத்தைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுடன் தரம் பார்க்கும், அதாவது செறிவைக் கண்டறியும், சோதனை. பிப்பெட் என்னும் உறிஞ்சுகுழாயில் 20 மி.லி. அமிலத்தை எடுத்துக் கூம்புக்குடுவையில் விட்டு, நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்கி, சூடாக இருக்கும்போதே பியூரெட் என்னும் அளவுக்குழாயிலிருந்து பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒரு விளக்குக்கு நான்கு பேர் காத்திருந்ததால், கிடைத்த வாய்ப்பில் குடுவையை முதலில் சூடாக்கிவிட்டு, பிறகு சாவகாசமாகப் பியூரெட்டைக் கழுவி நிரப்பப் போனேன். திரும்பி வந்தபோது குடுவை ஆறியிருந்தது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

முதல் சொட்டு விழுந்ததும் கரைசல் இளஞ்சிவப்பாகி, அப்படியே நின்றது. அரை மி.லி. கூட இறங்காத நிலையில் முடிவுநிலை (வினை முற்றுப்பெற்று நிறம் நிலைத்து நிற்கும் கட்டம்) வந்துவிட்டதோ என்று திகைத்தேன். குலுக்கினால் நிறம் மெல்ல மறைந்தது. பொறுமையிழந்து குழாயைச் சற்றுத் தாராளமாகத் திறந்ததில், கரைசல் பழுப்பாகக் கலங்கிப் போனது. ஆறிய கரைசலில் இவ்வினை தொடக்கத்தில் மிகவும் மந்தமாக நடக்கும் என்பதும், வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே வினைவேக மாற்றியாகிப் பின்னர் அதை விரைவுபடுத்தும் என்பதும், அவசரப்பட்டுப் பெர்மாங்கனேட்டை ஊற்றினால் மாங்கனீசு டைஆக்சைடு பழுப்பு நிறத்தில் வீழ்படிவாகும் என்பதும் பின்னர்தான் எனக்குப் புரிந்தன. பதிவேட்டில் நானே எழுதிய "சூடாக்கி" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இவ்வளவும் அடங்கியிருந்தன.

புறத்தேர்வாளர் நல்லவர். "இன்னொரு முறை எடுத்துக்கொள், தம்பி" என்று மட்டும் சொன்னார். மறுபடி சூடாக்கிச் செய்தபோது சொட்டுகள் விழுந்த வேகத்தில் மறைந்து, ஒற்றைச் சொட்டில் நிலையான இளஞ்சிவப்பு வந்தது. ஆனால் கொடுத்த உப்பில் என்னென்ன அயனிகள் உள்ளன என்று கண்டறியும் உப்புப் பகுப்பாய்வுக்கு நேரம் போதவில்லை. பொட்டாசியம் அயோடைடு சேர்த்ததும் மஞ்சள் வீழ்படிவு வந்ததால் காரீயம் என்று எழுதினேன். எதிர் அயனியை நைட்ரேட் என்று ஊகித்து எழுதினேனே தவிர, அதை உறுதிசெய்யும் பழுப்பு வளையச் சோதனையைச் செய்யவே இல்லை. ஊகம் சரியா தவறா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

சேலம் உறுப்பினர்:

மேலே உள்ளதைப் படித்தபோது என் கதையையே வேதியியலின் வேறொரு பகுதியில் பார்ப்பதுபோல் இருந்தது. நான் 2023இல் எழுதினேன். அப்போது எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்று மாறியிருந்தது. இரண்டாம் திருப்புதல் தேர்வில், முதல் வகை வினை (வினைபடுபொருளின் செறிவுக்கு நேர்விகிதமான வேகத்தில் நடப்பது) ஒன்றின் வினைவேக மாறிலி 2.31 × 10⁻³ வி⁻¹ எனக் கொடுத்து, வினை 99.9 சதவீதம் முற்றுப்பெற எத்தனை நிமிடமாகும் என்று கேட்டிருந்தார்கள். 0.693ஐ அந்த மாறிலியால் வகுத்து, இருப்பது பாதியாகக் குறைய ஆகும் அரைவாழ் காலம் 300 என்று கண்டேன். அதோடு "நிமிடம்" என்று சேர்த்து, அங்கிருந்து எல்லாவற்றையும் 60 மடங்கு தவறாக எழுதி முடித்தேன். 300 விநாடி என்பது 5 நிமிடம்தான்; சரியான விடை ஏறத்தாழ 50 நிமிடம்.

அன்று மாலை எங்கள் ஆசிரியர் மடக்கை அட்டவணையைத் தொடாமலே அந்த விடையைச் சரிபார்த்துக் காட்டினார். ஒவ்வோர் அரைவாழ் காலத்திலும் இருப்பது பாதியாகிறது. பத்து முறை பாதியாக்கினால் 1024இல் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 0.1 சதவீதம் எஞ்சும். ஆகவே 99.9 சதவீதத்துக்குப் பத்து அரைவாழ் காலம். வாய்பாடாக மட்டும் ஆறு மாதம் மனப்பாடம் செய்திருந்த ஒன்று ஒரு நிமிடத்தில் கண்ணுக்குத் தெரிந்தது. அதன்பின் பயிற்சிக் கணக்கு எதைப் போட்டாலும், எண்ணை எழுதுமுன் அலகை எழுதிவிட்டுத்தான் தொடங்கினேன். பொதுத்தேர்வில் கணக்குகளில் பிழை வரவில்லை. கரிம வேதியியலில் விட்டது தனிக்கதை.

வேதியியல் ஆசிரியை, விருதுநகர் மாவட்டம்:

அந்தத் தனிக்கதையை நான் ஊகிக்கிறேன். எங்கள் மாணவர்கள் எத்தனாலையும் அடர் கந்தக அமிலத்தையும் எழுதி, அம்புக்குறி போட்டு, ஈத்தீன் என்று முடித்துவிடுவார்கள். அம்புக்குறிக்கு மேலே வெப்பநிலை இருக்காது. கேட்டால், "அது சும்மா ஓரமாக இருப்பதுதானே, மிஸ்" என்பார்கள். 443 கெல்வினில் ஈத்தீன் கிடைக்கும். அதே இரண்டு பொருள்கள் 413 கெல்வினில் டைஎத்தில் ஈதரைத் தரும். அம்புக்குறிக்கு மேலே வெற்றிடமாக விட்டால் எது கிடைத்தது என்று நான் எப்படி அறிவேன்?

இந்த ஆண்டு ஒரு மாணவி மாற்று வினைகள் அனைத்தையும் நோட்டில் எழுதி, வெப்பநிலையையும் வினைவேக மாற்றியையும் மட்டும் சிவப்பு மையால் எழுதியிருந்தாள். அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய நாள் பார்த்தேன்: நோட்டைக் கவிழ்த்துவைத்து, சிவப்பில் உள்ளவற்றை மட்டும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள்.