ஒரு கிரவுண்டில் எட்டு வீடு: கட்டுப்படியாகுமா?

திருவல்லிக்கேணிவாசி:
எங்கள் தாத்தா வீடு 30க்கு 80 அடி, ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனை. ஓட்டு வீடு, பின்கட்டில் நான்கு போர்ஷன், நான்கிலும் இருபது வருடத்துக்கு மேலாகக் குடியிருப்பவர்கள். இன்னொரு மழைக்குத் தாங்காது, இடித்துத்தான் ஆக வேண்டும். ஒரு பில்டர் கீழே ஸ்டில்ட் பார்க்கிங் (தூண்கள் மட்டும் நிற்கும், கார் விடுவதற்கான தளம்), மேலே 1,100 சதுர அடியில் நான்கு ஃபிளாட், ஆளுக்குப் பாதி என்கிறார். அப்படிக் கட்டினால் பின்கட்டில் இருக்கும் பூக்கட்டும் அம்மாவும் அச்சகத்தில் வேலை செய்பவரும் திரும்பி வரவே முடியாது. நானும் தம்பியும் 500 சதுர அடியில் எட்டு வீடு கட்டி, இரண்டை நாங்கள் வைத்துக்கொண்டு, நான்கை இவர்களுக்கே தாங்கும் வாடகைக்குக் கொடுத்து, இரண்டை விற்றுச் செலவில் ஒரு பகுதியை எடுக்கலாம் என்று நினைக்கிறோம். நடக்குமா?

சைட் இன்ஜினியர்:
நடக்கும் சார். எஃப்எஸ்ஐ, அதாவது மனையின் அளவைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு, 2 என்றால் 4,800 சதுர அடி கட்டலாம். எட்டு வீட்டுக்கு 4,000 போக, படிக்கட்டு, நடைபாதை, சுவருக்கு 800 இருக்கிறது. தரைத்தளத்தோடு நான்கு தளம், தளத்துக்கு இரண்டு வீடு என்று போட்டால் ஒரு தளத்துக்கு 1,200 சதுர அடிதான், மனையில் பாதி திறந்தே கிடக்கும்.

உங்கள் திட்டத்தைக் கெடுக்கக்கூடியது கார் ஒன்றுதான். ஒரு கார் நிற்கவும் திரும்பவும் கிட்டத்தட்ட 250 சதுர அடி போய்விடும், அது உங்கள் வீட்டில் பாதி. ஸ்டில்ட் போட்டால் தரைத்தளத்தில் யாரும் குடியிருக்க முடியாது, ஒரு தளம் கூடும், லிஃப்ட் கேட்கும், மாதாமாதம் பராமரிப்புச் செலவும் வாடகையில்தான் ஏறும். சின்ன வீட்டுக்கு விதியில் கேட்கும் பார்க்கிங் குறைவு, அதனால் வீட்டின் அளவை முடிவு செய்யும்போதே அதையும் கணக்குப் போடுங்கள். உங்கள் தெரு தொடர் கட்டடப் பகுதியில் வருகிறதா என்றும் முதலில் பாருங்கள். வந்தால் இரண்டு பக்கமும் இடம் விடாமல் கட்டி, மிச்சமாகும் இடத்தையெல்லாம் நடுவில் முற்றமாக விடலாம். முன்வீடு, பின்வீடு இரண்டுக்கும் இரண்டு பக்கக் காற்று கிடைக்கும்.

மயிலாப்பூர் மகள்:
பன்னிரண்டு வயது வரை ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவள் நான். ஆறு குடும்பத்துக்கு இரண்டு கக்கூஸ், பரீட்சை நாளில் கூட வரிசையில் நின்றுதான் போக வேண்டும், அம்மா நாலரைக்கே எழுந்து எங்களைக் குளிக்க வைத்துவிடுவார். முற்றம் பொதுவாக இருந்தால் நல்லதுதான், ஆனால் கக்கூஸும் குளியலறையும் வீட்டுக்கு ஒன்று, உள்ளேயே இருக்க வேண்டும். முற்றத்தில் பேசுவது மேல்மாடி வரை கேட்கும், அதனால் அந்தப் பக்கம் சமையலறையை வையுங்கள், படுக்கும் அறை வேண்டாம். துணி காயப்போட மொட்டை மாடியை எட்டுப் பேருக்கும் திறந்து விடுங்கள், அதைப் பூட்டி வைப்பதால்தான் பாதிச் சண்டை. தரைத்தள வீட்டை வயதானவர்களுக்குக் கொடுங்கள். பிளான் போடுவதற்கு முன் அந்த நான்கு குடும்பத்தையும் உட்கார வைத்துக் கேட்டீர்களா?

வரைபலகை:
சிலி நாட்டில் இகிகே நகரத்தில் கின்டா மன்ராய் என்று ஒரு இடம், நகரத்தின் நடுவே 5,000 சதுர மீட்டர், சுமார் 100 குடும்பம் முப்பது வருடமாகக் குடியிருந்தது. அரசு மானியம் குடும்பத்துக்கு 7,500 டாலர், அதில் நிலமும் வர வேண்டும், வீடும் வர வேண்டும். கட்டடக் கலைஞர் அலெஹாந்த்ரோ அராவெனாவின் எலிமென்டல் குழு அவர்களை ஊருக்கு வெளியே அனுப்பாமல் அதே இடத்தில் பாதி வீடாகக் கட்டிக் கொடுத்தது. குடும்பங்களால் தாமாகச் செய்துகொள்ள முடியாத சமையலறை, குளியலறை, படிக்கட்டு, பிரிக்கும் சுவர் எல்லாம் முதலிலேயே கட்டியாகிவிட்டது, மீதிப் பாதியைக் கையில் காசு வந்தபோது அவரவர் கட்டிக்கொண்டார்கள்.

நான்கு மாடியில் வீட்டை வெளியே நீட்ட முடியாது, ஆனால் உள்ளே இதையே செய்யலாம். தூண், பைப், வயரிங், நீர்க்கசிவுத் தடுப்பு இவற்றில் ஒரு ரூபாய் கூடக் குறைக்காதீர்கள். எட்டுக் குளியலறையும் ஒன்றன் மேல் ஒன்றாக வந்தால் பைப் செலவு நன்றாகக் குறையும். டைல்ஸ், அலமாரி, பரண் எல்லாம் பிறகு வரட்டும், தரைக்கு ரெட் ஆக்சைடு போதும், காலுக்குக் குளிர்ச்சியும் கூட.

திருவல்லிக்கேணிவாசி:
மயிலாப்பூர் அக்கா, கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுப் பேசுகிறேன். எங்கள் இருவரிடமும் பைக்தான், ஸ்டில்ட் வேண்டாம் என்று தம்பியும் ஒத்துக்கொண்டான். கட்டி முடியும் வரை அவர்கள் எங்கே இருப்பார்கள் என்பதுதான் இன்னும் உதைக்கிறது.

சைட் இன்ஜினியர்:
பக்கத்துத் தெருக்களிலேயே வாடகைக்குப் பார்த்துக் கொடுங்கள், பிள்ளைகள் பள்ளி மாற வேண்டாம். வாடகை வித்தியாசத்தைக் கட்டுமான பட்ஜெட்டிலேயே ஒரு வரியாக எழுதுங்கள். திரும்பி வரும் உரிமையை இடிக்கும் முன்பே பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.