மாணவர் மியூசிக் வீடியோவுக்காக அலைந்தபோது எதிர்ப்பட்டவர்கள்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

புழுதிக்கால்:
விஸ்காம் இறுதியாண்டு புராஜெக்ட். ஆய்வுக் குறிப்பு, ஸ்டோரிபோர்டு, லொக்கேஷன் படங்கள் எல்லாம் கோப்பில் இருந்தால்தான் மதிப்பெண் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும், அதற்குள் போகவில்லை. எங்கள் பாட்டு ஒரு கல்யாண ஊர்வலத்தில் முடிகிறது. அங்கே பறை வேண்டும். வகுப்புத் தோழியின் ஊரில், விழுப்புரம் பக்கம், ஒரு குழு இருந்தது. போனோம்.

மூத்த கலைஞர் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். பாட்டைப் போடச் சொன்னார். பறை வருகிற இடத்தில் நிறுத்தச் சொல்லி, அதையே மறுபடி கேட்டார். பிறகு அந்த அடியை மெதுவாகத் தட்டிக் காட்டிவிட்டு, "தம்பி, இது எங்கள் பக்கத்தில் பாடை தூக்கும்போது அடிக்கிறது. இதற்கா மாப்பிள்ளை வருகிறார்?" என்றார்.

இசையமைத்த நண்பன் அந்தத் துண்டை இணையத்தில் விலைக்கு வாங்கிய ஒலித் தொகுப்பிலிருந்து எடுத்திருந்தான். கோப்பின் பெயர் 'கிராமத் திருவிழா'. இயக்குநர், "பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது, ஐயா" என்று சமாளித்தான். பெரியவர் கோபப்படவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்: "பெண் வேஷம் போடுகிற பிள்ளை எந்த ஊர்? வெளியூர் என்றால் வாசிக்கிறோம். எங்கள் ஊர்ப் பிள்ளையை மாலையும் கழுத்துமாக நிற்கவைத்து இதை வாசிக்க மாட்டோம்."

பெண் வேஷம் அந்தத் தோழிக்குத்தான். பெரியவருக்கு அவளைப் பிறந்ததிலிருந்து தெரியும். அவள் எழுந்து போய்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டாள். இயக்குநர் தாளத்தை மாற்றவில்லை, பெண்ணை மாற்றிவிட்டான். வீடியோவுக்கு நல்ல மதிப்பெண்ணும் வந்தது. அவள் இன்று வரை அதைப் பார்க்கவில்லை.

நெல்லரிகிணை:
மன்னிக்கவும், இந்தப் பதிவு எனக்குப் பிடிக்கவில்லை. பறை என்றாலே சாவு என்ற எண்ணத்தை உடைக்க எத்தனையோ குழுக்கள் மேடை மேடையாக ஏறிக்கொண்டிருக்கின்றன. நீங்கள் அதையே மறுபடி எழுதுகிறீர்கள். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் வைக்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று உரைகாரர்கள் பெயர் சொல்லிப் பிரிக்கிறார்கள். என் பெயரே மருதத்தின் பறைதான். உழவுக்கும் அறுவடைக்கும் போருக்கும் முழங்கிய கருவி அது. 'ஆய்வு' என்று கோப்பில் எழுதுகிற மாணவர்கள் இதையெல்லாம் படித்துவிட்டு அல்லவா ஊருக்குப் போக வேண்டும்? ஒரு பெரியவர் சொன்னதை வைத்துக்கொண்டு பறைக்கு மீண்டும் சாவு முத்திரை குத்துவது எந்த வகையில் நியாயம்?

புழுதிக்கால்:
தோழரே, பறை சாவுக்குரியது என்று நான் எங்கே எழுதினேன்? அவரும் சொல்லவில்லை. அந்த ஒரு அடி அதற்குரியது என்றார். கல்யாணத்துக்கு வேறு அடி, சாமி புறப்பாட்டுக்கு வேறு அடி என்று வரிசையாக வாசித்தும் காட்டினார். எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்தவர் எங்கள் இயக்குநர். நீங்கள் சண்டை போட வேண்டியது அவனோடு.

ஈரச்சுவர்:
எனக்கு ஒரு தொலைபேசி உரையாடல். பாரதியார் பாடல் ஒன்றுக்கு வீடியோ எடுப்பது என்று முடிவாகிவிட்டது. பாரதி நாட்டுடைமை, யாரிடமும் கேட்க வேண்டாம் என்றார்கள் குழுவில். எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. நாங்கள் எடுத்திருந்தது பிரபலப் பாடகர் பாடிய ஒலிப்பதிவு. இசைத்தட்டு நிறுவனத்தின் எண்ணைத் தேடி அழைத்தேன். எடுத்தவர் ஒரு வயதான பெண்மணி, குரலிலேயே தெரிந்தது. "எந்த உரிமை வேண்டும் உங்களுக்கு?" என்றார். பாட்டின் உரிமை என்றேன். "பாட்டில் எது?" என்றார்.

நான் பேசாமல் இருக்க, அவரே சொன்னார். பாடல் வரி ஒன்று. 1949இல் அரசு வாங்கியது அதைத்தான். மெட்டு இன்னொன்று, அது இசையமைத்தவருடையது. ஒலிப்பதிவு மூன்றாவது, அது நிறுவனத்துடையது. பாரதி மறைந்து எத்தனை ஆண்டு ஆனாலும் பின்னிரண்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. "எனவே வரி உங்களுக்கு இலவசம். மற்றதற்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். கல்லூரிப் பிள்ளையா? மெட்டை நீங்களே போட்டுக்கொள்ளுங்களேன் அம்மா, பாரதி கோபித்துக்கொள்ள மாட்டார்" என்று வைத்துவிட்டார்.

குழுவில் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. யூடியூபில் ஏற்றிய சில நிமிடங்களில் உரிமைக் கோரல் வந்து, வீடியோ இந்தியாவில் தெரியாமல் போயிற்று. மறுநாள் சமர்ப்பிக்கும் நாள். அந்தப் பெண்மணியின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லையே என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அரைச் சுருதி:
எங்கள் கதை சிறியது. நாயகி மெதுவாக நடந்து வர வேண்டும், வாயசைவு மட்டும் பாட்டோடு பொருந்த வேண்டும். விநாடிக்கு 48 ஃபிரேமில் எடுத்து 24இல் ஓட்டினால் எல்லாம் பாதி வேகமாகும். ஆகவே படமெடுக்கும்போது பாட்டை இரட்டை வேகத்தில் ஓட விட்டு அவள் அதற்கு வாயசைக்க வேண்டும். இது தெரிந்த விஷயம்தான். விடுதி மொட்டைமாடியில் ஒத்திகை. ஸ்பீக்கரில் பாட்டு கீச்சுக் குரலில் பறக்கிறது, இவள் கண்ணில் சோகம், வாயில் அவசரம். பக்கத்து மாடியில் வடாம் காயவைத்துக்கொண்டிருந்த பாட்டி வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏனம்மா, சூடான பஜ்ஜியை வாயில் போட்டுக்கொண்டாயா?" என்றார். அதோடு சரி. அந்தப் பெண்ணால் அந்த வரியைச் சிரிக்காமல் பாடவே முடியவில்லை. கடைசியில் அந்த ஷாட்டில் அவள் வாயைத் திறக்காமல் நடக்கிறாள். எல்லோரும் அதைத்தான் நல்ல ஷாட் என்கிறார்கள்.

பழைய லென்ஸ்:
இங்கே எழுதுகிற பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். என் அனுபவம் இரண்டே வரி: ஒரு மாணவர் குழு என்னிடம் ஸ்டோரிபோர்டு காட்டியது. பெசன்ட் நகர் கடற்கரை, மாலை நேரம், காதலர்களுக்குப் பின்னால் சூரியன் கடலில் இறங்குகிறது. அடே, அது கிழக்குக் கடற்கரை! மாலையில் சூரியன் உன் முதுகுப்பக்கம் அடுக்குமாடிக் கட்டடத்துக்குப் பின்னால் இறங்கும். கடலில் சூரியன் வேண்டுமானால் விடியலில் போ, அல்லது கன்னியாகுமரிக்கு டிக்கெட் எடு.

இனி நீங்கள் கவனிக்க வேண்டியவை. லொக்கேஷன் பார்க்கப் போகும்போது, எந்த நேரத்தில் படமெடுக்கப்போகிறீர்களோ அதே நேரத்தில் போங்கள். காலையில் பார்த்துவிட்டு மாலையில் எடுக்கப் போனால் அது வேறு இடம். குழல்விளக்கு எரிகிற வகுப்பறையில் எடுக்கும்போது ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கும். 1/60இல் வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும், பிறகு எடிட்டரைத் திட்டிப் பயனில்லை. மாமல்லபுரத்தில் கைப்பேசியில் படம் பிடிக்க யாரும் தடுக்க மாட்டார்கள். முக்காலியை விரித்தால் காவலர் வந்துவிடுவார், ஏனென்றால் அது தொல்லியல் துறையின் இடம், படப்பிடிப்புக்கு முன் அனுமதி வேண்டும். ரயில் நிலையமும் அப்படியே. டிரோன் 250 கிராமுக்குள் என்றால் எங்கும் பறக்கலாம் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. 2021 விதிகளில் எடைக்குச் சலுகை உண்டு, வான்பரப்புக்கு இல்லை. விமான நிலைய எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் பச்சை மண்டலமே, அதாவது முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பகுதியே, கிடையாது. கிண்டியில் இருந்துகொண்டு மாடியிலிருந்து பறக்கவிடுகிறேன் என்று என்னிடமே ஒருவன் சொன்னான். எல்லாவற்றுக்கும் மேலாக, எல்லா ஷாட்டிலும் கேமராவிலேயே ஒலியையும் பதிவு செய்யுங்கள். அந்தக் கரடுமுரடான ஒலி இல்லாவிட்டால் எடிட்டிங்கில் பாட்டோடு பொருத்துவதற்குள் கண் போய்விடும்.

தெற்கு முகப்பு:
ஐயா, நன்றி. அனுபவம்தானே கேட்டார்கள்? ஷட்டர் வேகம் யாரும் கேட்கவில்லையே.

நான் சொல்ல வந்தது காரைக்குடிப் பக்கத்து ஆச்சி ஒருவரைப் பற்றி. காதல் முறிவுப் பாட்டு, செட்டிநாட்டு வீடு வேண்டும். ஆச்சி முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை நடத்திக் காட்டினார். ஆத்தங்குடிக் கல் தரையில் வெயில் சதுரம் சதுரமாக விழுந்திருந்தது. எங்கள் ஒளிப்பதிவாளன் அங்கேயே மல்லாந்து படுத்துவிட்டான். வாடகை பேசி முடித்தாயிற்று. காபியும் வந்தது. அப்போதுதான் ஆச்சி கேட்டார்: "பாட்டில் என்ன நடக்கிறது, தம்பி?"

சொன்னேன். பெண் இந்தத் தூணில் சாய்ந்து அழுவாள், கடைசியில் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்விடுவாள்.

ஆச்சி டம்ளரைக் கீழே வைத்தார். "தை மாதம் என் பேத்தி இதே வாசல் வழியாகத்தான் கல்யாணம் முடிந்து போகப்போகிறாள். அதற்கு முன்னால் ஒருத்தி அழுதுகொண்டு போக வேண்டாம்." பணத்தைத் திருப்பி என் கையிலேயே திணித்தார். பிறகு, "நாலு வீடு தள்ளி என் கொழுந்தன் வீடு பூட்டிக் கிடக்கிறது. அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் அழுங்கள், சாவி என்னிடம்தான் இருக்கிறது" என்றார். அந்தக் கொழுந்தனுக்கும் அவருக்கும் என்ன கணக்கு என்று கேட்கத் துணியவில்லை. அங்கேதான் எடுத்தோம்.

பழைய லென்ஸ்:
கேட்டுத்தான் சொல்ல வேண்டுமென்றால் யாரும் எதையும் கற்றுக்கொள்ளப்போவதில்லை. போகட்டும். அந்த வீட்டில் தூணுக்கு எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் கொடுத்தீர்கள்?

நெல்லரிகிணை:
ஆச்சிக்கு ஒரு நியாயம், பறைக் கலைஞருக்கு ஒரு நியாயமா? ஆச்சி மறுத்ததும் வீட்டை மாற்றினீர்கள். அவர் மறுத்ததும் ஏன் தாளத்தை மாற்றவில்லை?

புழுதிக்கால்:
வீட்டை மாற்றியவர் வேறு, நான் வேறு. ஆனால் கேள்வி சரிதான். அதை அப்படியே எங்கள் இயக்குநருக்கு அனுப்பியிருக்கிறேன். படித்துவிட்டான், பதில் இல்லை.

புதுமுகம்:
ஈரச்சுவர் அக்கா, ஒரு சந்தேகம். நாங்களும் பாரதிதான். மெட்டு என் அறைத்தோழனுடையது, பாடுவது ஜூனியர் பெண். 'கவர்' என்று தலைப்பில் போட்டால் ஏற்கெனவே வந்த மெட்டையே வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவன் சொல்கிறான். உண்மையா?

ஈரச்சுவர்:
இல்லை. 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்தில் வந்த கவர் ஏற்பாடு ஒலிப்பதிவுக்கு மட்டும்தான். அதற்கும் முதல் பதிவு வெளிவந்து ஐந்து ஆண்டு கழிந்திருக்க வேண்டும், முன்கூட்டித் தொகையும் கட்ட வேண்டும். வீடியோவுக்கு அது செல்லாது. அறைத்தோழன் மெட்டே போதும். அவனிடமும் பாடுகிற பெண்ணிடமும் இந்த வீடியோவுக்குப் பயன்படுத்தச் சம்மதம் என்று கையெழுத்து வாங்கிக் கோப்பில் வை. சண்டை வருவதற்கு முன்பே வாங்கிவிடு.