தொழில்நுட்பத்தின் போக்கு தெளியாத காலத்தில் கூட்டணிகள் எதைக் கற்றுத்தருகின்றன?

கேள்வி:
மேலாண்மையியலில் ஆய்வு மேற்கொண்டிருக்கிறேன். அடுத்து எந்தத் தொழில்நுட்பம் நிலைக்கும் என்று எவருக்கும் தெரியாதபோது, ஒரு நிறுவனம் பலருடன் தளர்வான உறவு வைத்திருப்பது நல்லதா, அல்லது சிலருடன் இறுகப் பிணைந்துகொள்வது நல்லதா? கணினிச் சில்லுகளை அச்சிடும் இயந்திரங்களைத் தயாரிக்கும் நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல் நிறுவனத்தைச் சான்றாக எடுத்திருக்கிறேன்.

பதில் 1:
2002ஆம் ஆண்டிலிருந்து தொடங்குங்கள். சில்லின் கோடுகளை ஒளியால்தான் அச்சிடுகிறார்கள்; ஒளியின் அலைநீளம் குறையக் குறையக் கோடுகள் நுண்மையாகும். அப்போது பயன்பட்ட 193 நானோமீட்டர் ஒளிக்கு அடுத்தது 157 நானோமீட்டர்தான் என்று துறையே நம்பியிருந்தது. ஆனால் அதற்கு வேண்டிய கால்சியம் ஃபுளோரைடு வில்லைகளைக் குறையில்லாமல் செய்வது பெரும்பாடாக இருந்தது. அப்போது இவ்வியந்திரங்களை வாங்கிச் சில்லுகளைச் செய்யும் தைவானின் டி.எஸ்.எம்.சி நிறுவனத்தில் இருந்த பொறியாளர் பர்ன் லின், வில்லைக்கும் சிலிக்கான் தகட்டுக்கும் இடையில் தண்ணீரை நிரப்பினால் பழைய ஒளியே 134 நானோமீட்டர் ஒளியைப் போல வேலை செய்யும் என்று வாதிட்டார். 2003இல் இன்டெல் 157ஐக் கைவிட்டது. திசையை மாற்றிய அந்த யோசனை இயந்திரத்தைச் செய்பவரிடமிருந்து அல்ல, வாங்குபவரிடமிருந்து வந்தது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பதில் 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பர்ன் லின் அதைப் பொதுமேடையிலேயே பேசினார், ஏ.எஸ்.எம்.எல்லின் போட்டியாளரான நிக்கானும் தண்ணீரைப் பயன்படுத்தும் அத்தகைய இயந்திரங்களைச் செய்தது. ஆகவே செய்தி காதுக்கு எட்டுவது வேறு, கற்பது வேறு. தண்ணீரில் எழும் குமிழிகளையும் தகட்டில் தங்கிவிடும் நீர்க்கறைகளையும் வாடிக்கையாளரின் ஆலையில், உண்மையான தகடுகளை ஓட்டிப் பார்த்துத்தான் தீர்க்க முடிந்தது. அதற்குத் தளர்வான உறவு போதாது.

பதில் 3:
அதற்கும் அடுத்து வந்த 13.5 நானோமீட்டர் அதீதப் புறஊதா ஒளியின் வரலாறு உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. அந்த ஒளியை ஆராய இன்டெல் முன்னின்று 1997இல் தொடங்கிய அமெரிக்கக் கூட்டமைப்பில் ஏ.எஸ்.எம்.எல் 1999இல் சேர்ந்தபோது, எலக்ட்ரான் கற்றை, எக்ஸ் கதிர் என்று போட்டி வழிகள் பல இருந்தன. அந்தக் கட்டத்தில் ஏ.எஸ்.எம்.எல்லுக்கு வேண்டியிருந்தது பல இடங்களில் நடப்பதை அறியும் வாய்ப்பு. வழி ஓரளவு தெளிந்த பிறகோ பிணைப்பு இறுகியது: 2012இல் இன்டெல், டி.எஸ்.எம்.சி, சாம்சங் ஆகிய வாடிக்கையாளர்கள் மூவரும் அதன் பங்குகளை வாங்கி ஆய்வுச் செலவையும் பகிர்ந்துகொள்ள உடன்பட்டனர்; 2013இல் ஒளிமூலம் செய்யும் சைமர் நிறுவனத்தை அது தன்னுடன் இணைத்துக்கொண்டது; 2016இல் ஆடிகளைச் செய்யும் கார்ல் ஸைஸ் எஸ்.எம்.டி.யில் 24.9 விழுக்காடு பங்குகளை வாங்க ஒப்புக்கொண்டது. எனவே கூட்டாளிகளின் எண்ணிக்கையை மட்டும் அளக்காமல், ஒவ்வோர் உறவும் எந்த ஆண்டில், எந்த ஐயம் தீர்ந்த பின் இறுகியது என்று வரிசைப்படுத்திப் பாருங்கள்.