மழை நோட்டைக் கேட்டு வந்த பொண்ணு

குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட் ஆபீஸில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். காலநிலை பற்றிப் பேச மலையேறி வருகிற பிள்ளைகளை நிறையப் பார்த்தாச்சு. பேனரைப் பிடித்துப் படம் எடுப்பார்கள், வர்க்கி வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். இந்தப் பெண் வேறு ரகம். கோவையில் தாவரவியல் முடித்தவள். கோத்தகிரியில் அப்பாவுக்குச் சின்ன டீத்தோட்டம். எழுத்து மேல் கிறுக்கு. வந்ததும் கேட்டாள்: "சார், எஸ்டேட்ல மழை நோட்டு இருக்குமாமே, பார்க்கலாமா?"

மழைமானியைத் தினமும் காலையில் பார்த்து நோட்டில் ஏற்றுவது துரைமார் காலத்துப் பழக்கம். மேனேஜரிடம் கேட்டு எடுத்துக் கொடுத்தேன். பூச்சி அரித்த பக்கத்தைக்கூட விடாமல் எழுதிக்கொண்டாள்.

"2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் கொட்டுச்சே, அதையே முதல் வரியா வைம்மா, மிரண்டுடுவாங்க" என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு நாள் மழையை மட்டும் வச்சு காலநிலை மாறிடுச்சுன்னு எழுதக் கூடாது சார். வெப்பம் ஒரு டிகிரி ஏறினா காத்து சுமார் 7 சதவீதம் கூடுதலா ஈரம் தாங்கும், அதனால பெருமழைக்கு வாய்ப்பு கூடும். அதுவரைக்கும் சொல்லலாம். ஆனா சரிவை வெட்டிக் கட்டடம் கட்டினது மழையா?"

2009 நவம்பர் மண்சரிவில் இந்த மாவட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் போனார்கள். அப்போதும் மழையைத்தான் திட்டினோம். மழைக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டியதில்லை பாருங்கள், எல்லாருக்கும் வசதி.

அவள் எழுதிய கட்டுரை வந்தது. அதில் மலை அழவில்லை, கண்ணீரும் வடிக்கவில்லை. உறைபனியில் கொழுந்து கருகினால் கூலி எப்படி அடிபடும் என்று பறிக்கிற அக்காக்கள் சொன்னது அவர்கள் பேச்சிலேயே இருந்தது. கொழுந்து எடை போடும் இடத்தில் ஒருத்தி வாசிக்க, மற்றவர்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டார்கள். ‘நான் சொன்னதை விட்டுட்டா’ என்று ஒரு சண்டையும் நடந்தது.

கொடைக்கானலிலிருந்து ஒரு பதில்:

எங்க பக்கமும் ஒரு தம்பி இருக்கான் சார், டிகிரி முடிச்ச கையோட எழுத வந்தவன். பூம்பாறையில எங்க அம்மாகிட்டப் பேசி எழுதினதை, வெளியிடறதுக்கு முன்னாடி வந்து வாசிச்சுக் காட்டினான். தலைப்பு ‘அழியும் மலைப்பூண்டு’. அம்மா பிடிச்சுக்கிட்டாங்க. 2019ல புவிசார் குறியீடு கிடைச்ச சரக்காச்சே! "அழியுதுன்னு எழுதினா நாளைக்கு எவன்டா விதைப்பூண்டு வாங்குவான்? மழை தப்பிப் பெஞ்சா அழுகுதுன்னு எழுது, அது நெசம்." அங்கேயே அடிச்சுத் திருத்தினான்.

அந்தப் பொண்ணு எழுதினது கைவசம் இருந்தா இங்கே போடுங்க சார். தம்பிக்குக் காட்டணும்.