மறு: மைனிங் = அகழ்வு?

வணக்கம் மாஸ்ரர்,

> ‘அகழ்வு’ எண்டு போட்டால் என்ன குறை? பத்திரிகையளும் அப்பிடித்தானே எழுதுது.

குறை இருக்கு. பிட்கொயின் எண்ட டிஜிற்றல் காசைப் பற்றின எங்கட கட்டுரையில ‘மைனிங்’குக்கு அந்தச் சொல் பொருந்தாது. வடமராட்சியில அகழ்வு எண்டால் மணல் டிப்பரும் பொலிசும்தான் ஞாபகம் வரும். கட்டுரையை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்ட, “எங்கயடி பிள்ளை தோண்டுறாங்கள்?” எண்டு கேட்டா. நியாயமான கேள்வி. அங்க ஒண்டும் புதைஞ்சு கிடக்கேல்ல. ஒரு இலக்கத்தைக் கண்டுபிடிக்க ஆயிரக்கணக்கான மெஷின்கள் ஊகிச்சுக்கொண்டே இருக்குதுகள். முதல் பிடிச்சது, எல்லாக் கொடுக்கல் வாங்கலும் பதியிற பொதுப் பேரேட்டின்ர அடுத்த பக்கத்தை எழுதிப் பரிசு எடுக்குது. பிட்கொயினில சராசரி 10 நிமிசத்துக்கு ஒரு பக்கம். மெஷின்கள் கூடினால் புதிர் இறுகுமே தவிர பக்கம் கெதியா வராது. கரண்ட் மட்டும் கூடப் போகும்.

அகழ்வு எண்டதும் லோட்டுக்கு இவ்வளவு டீசல் எண்ட மாதிரி, ஒரு கொடுக்கல் வாங்கலுக்கு இவ்வளவு யூனிற் எண்டு பிரிக்க மனம் போகுது. பக்கத்தில ஒரு பதிவு இருந்தாலும் மூவாயிரம் இருந்தாலும் கரண்ட் செலவு ஒண்டுதான். வங்கி அப்பிடியில்லை. வாடிக்கையாளர் கூடக் கூடக் கிளை, ஏசி, ஏ.ரி.எம். எல்லாம் கூடும். 2021 இல கலக்ஸி டிஜிற்றல் எண்ட கிரிப்டோ முதலீட்டுக் கொம்பனி போட்ட கணக்கில வருசத்துக்கு வங்கித்துறை சுமார் 264 டெராவாற்று மணி (ஒண்டு 100 கோடி யூனிற்), பிட்கொயின் சுமார் 114. (அந்தக் கொம்பனிக்கே மைனிங் தொழில் இருக்கு, அதையும் எழுதியிருக்கிறன்.) சம்பளம், கடன், அடகு எண்டு உலகத்தையே சுமக்கிற வங்கியளோட நிறுத்துப் பார்த்தால் 114 சின்னத் தொகையில்லை. 2022 இல நாளுக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டில இருந்த எங்களுக்கு இது விளங்கும்.

அதால மைனிங்குக்கு ‘ஊகப்போட்டி’ எண்டு வைப்பம். கரண்டைச் செலவழிச்சுத்தான் பக்கம் எழுதினது எண்டு காட்டுற ‘புரூஃப் ஒஃப் வேர்க்’ முறைக்கு உழைப்புச்சான்று சரிவராது, எங்கட ஊரில உழைப்பு எண்டால் வருமானம். எரிப்புச்சான்று எண்டால் ‘புரூஃப் ஒஃப் பேர்ன்’ எண்டு, நாணயத்தையே அழிச்சுக் காட்டுற வேற முறை ஒண்டு இருக்கு. ‘செலவுச்சான்று’ எப்பிடி? அதுக்குச் சோடியா, ஊகப்போட்டி இல்லாமல் ஈடு வைச்சவைக்குப் பக்கம் எழுத விடுற ‘புரூஃப் ஒஃப் ஸ்ரேக்’குக்கு ‘ஈட்டுச்சான்று’. எதீரியம் எண்ட இன்னொரு வலையமைப்பில அதின்ர நாணயமான ஈதரில குறைஞ்சது 32 ஈடு வைக்கோணும், கள்ளம் செய்தால் ஈட்டில வெட்டு விழும். 2022 செப்டெம்பரில எதீரியம் செலவை விட்டு ஈட்டுக்கு மாற, அதின்ர மின்பாவனை 99 வீதத்துக்கு மேல விழுந்தது.

---

பிள்ளை,

ஈட்டுச்சான்று ஓம். காணி ஈடு வைச்ச சனத்துக்கு விளக்கவே தேவையில்லை. செலவுச்சான்று எண்டால் கந்தோரில பில் கேக்கிறமாதிரிக் கிடக்கு. ஆனால் அதுக்குச் செலவுச்சீட்டு எண்டு வேற சொல் இருக்கிறதால விடுறன்.

ஊகப்போட்டிதான் இடிக்குது. லொத்தர் மாதிரி எல்லோ கேக்குது?

---

லொத்தர் மாதிரித்தான் சேர். கூடச் சீட்டு வாங்கினவனுக்குக் கூட வாய்ப்பு. சீட்டுக்குப் பதிலாக் கரண்ட்.