முல்லைத்தீவுக் கடலுக்குப் பிரேம் போட்ட கதை

இலங்கையின் வடகிழக்குக் கரையில், முல்லைத்தீவுப் பக்கம் புதுக்குடியிருப்பில் படங்களுக்குப் பிரேம் போடும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் வருவது பெரும்பாலும் காலமானவர்களின் படங்கள். அதற்கடுத்து சாமிப் படம், கலியாணப் படம். கையால் வரைந்த நீர்வர்ணப் படம் வருவது அருமை.

போன சோளகக் காற்றுக் காலத்தில் ஒருவர் இரண்டு மட்டைகளுக்கு நடுவில் தாளொன்றை வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். கரைவலைத் தொழில் செய்பவர். மகள் உயர்தரத்தில் சித்திரம் படிக்கிறாளாம். பிரித்தால் முல்லைத்தீவுக் கரை: கரையேற்றிய வள்ளங்கள், மீனவர் தங்கும் கிடுகு வாடி, ஓரத்தில் பனைகள், தணிந்த கடல். ஆள் ஒருவரும் இல்லை.

மணலுக்குப் பிள்ளை வர்ணமே பூசவில்லை, வெறும் தாள்தான். நீர்வர்ணத்தில் வெள்ளை வேண்டுமென்றால் முதலிலேயே தாளை விட்டுவைக்க வேண்டும், மேலே பூசி மறைப்பது சரிவராது. கடலுக்கு ஈரத்தாளில் நீலத்தை ஓடவிட்டு, காயுமுன் உப்புத் தூவியிருக்கிறாள். உப்புக்கல் ஈரத்தை உறிஞ்சுகிற இடங்களில் நிறம் வெளிறிப் புள்ளி விழும். கடல் நுரையை உப்பாலேயே கொண்டுவந்துவிட்டாள், கெட்டிக்காரி! வானம்தான் கொஞ்சம் கலங்கிப்போயிருந்தது. தகப்பனிடம் அதைச் சொல்லவில்லை.

அவர் பார்த்தது வேறு. "அண்ணை, உது எந்தக் காலம் எண்டு தெரியுதோ?" என்று கேட்டார். நான் முழித்தேன். "பனையோலை கடல் பக்கம் சாயுது, அப்ப சோளகம். வாடை எண்டால் ஊர்ப்பக்கம் எல்லோ சாயும்." சரிதான். சோளகம் தென்மேற்கிலிருந்து, தரையைத் தாண்டிக் கடலுக்குப் போகிற காற்று. அதனால்தான் அந்த மாதங்களில் எங்கள் கடல் அடங்கிக் கிடக்கும். மாரியில் வடகிழக்கிலிருந்து வாடை எழும்பினால் கரையில் நிற்கவே முடியாது.

அப்புறம் அவருக்கே ஒரு சந்தேகம். "கடல் இப்பிடிக் கிடக்கேக்க வள்ளம் ஏன் கரையில?" கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தானே பதிலும் சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமையாக்கும்." அங்கே கரையோரத்தில் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள், நிறையப் பேர், ஞாயிறு தொழிலுக்கு இறங்கமாட்டார்கள்.

மற்றப் படங்களைப் போலக் கண்ணாடியை நேரே தாளின் மேல் வைத்துத் தரச்சொல்லிக் கேட்டார், செலவு குறையுமாம். நான் விடவில்லை. ஈரக்காலத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டிவிடும். நடுவில் மட்டை வெட்டி இடைவெளி விட்டு, பின்பக்கம் காகிதம் ஒட்டிக் கொடுத்தேன். வெயில் படுகிற சுவரில் மாட்டினால் நிறம் போய்விடும் என்றும் சொல்லி அனுப்பினேன்.

கடற்கரையோரம் இருப்பவர்கள் யாராவது இப்படிப் படம் மாட்டியிருந்தால், மாரியில் பூஞ்சணம் பிடிக்காமல் என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். அவருக்குச் சொல்ல வேண்டும்.