கனவுக் காலேஜை முதல் சாய்ஸா போட்டா சீட் போயிடுமா?

மஞ்சப்பை: நேத்து ஈரோட்டு_மாமா எழுதினதப் படிச்சு ஒரே கடுப்பு. "டிஎன்இஏ-ல, அதான் தமிழ்நாடு இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல, ஆசைப்பட்ட காலேஜை ஒண்ணாவது சாய்ஸா போடாதே, அது கிடைக்கலன்னா அடுத்ததும் போயிடும், உறுதியா கிடைக்கிறத முதல்ல போடு"ன்னு. இத நம்பி என் தங்கச்சி கிளாஸ்மேட் ஒருத்தி கிண்டி இன்ஜினியரிங் காலேஜைப் பதினேழாவதா வச்சிருக்கா! ரேங்க் படி ஒவ்வொருத்தர் லிஸ்டையும் மேலேர்ந்து கீழதான் பார்ப்பாங்க. ஒண்ணுல இடமில்லன்னா ரெண்டு, அப்புறம் மூணு. மேல போட்டதால ஒரு நஷ்டமும் இல்ல.

ஈரோட்டு_மாமா: தம்பி, நான் 2004-லயே கவுன்சிலிங் பார்த்தவன். ராத்திரி ரயில்ல வந்து இறங்கி, அண்ணா யுனிவர்சிட்டில உட்கார்ந்து, திரையில காலியிடம் 3, 2, 1னு குறையறத அடிவயிறு கலங்கப் பார்த்தவன். பக்கத்துல ஒரு பையன் அப்பா முகத்தையே பார்த்துட்டு நின்னான். சீட் போச்சு. கிடைக்கிறத முதல்ல பிடி.

லேப்_ரெக்கார்டு: மாமா, அது நேர்ல போன காலம். 2018லேர்ந்து ஆன்லைன். ரேங்க் போடற கட்-ஆஃப் மார்க் உங்க காலத்துல 300க்கு, இப்போ 200க்கு. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50.

ஈரோட்டு_மாமா: கூட்டல் எனக்குத் தெரியும். அந்த 300ல 100 நுழைவுத் தேர்வு. அத எழுதாம உள்ள வந்தவங்கதானே நீங்கல்லாம்?

லேப்_ரெக்கார்டு: நுழைவுத் தேர்வையே 2007ல எடுத்துட்டதுக்கு நான் என்ன பண்ணட்டும்? கோச்சிங்குக்குக் காசில்லாத வீட்லேர்ந்து முதல் பட்டதாரியா வந்தவன் நான். கொஞ்சம் பார்த்துப் பேசுங்க.

ப்ளஸ்டூ_அம்மா: பையனுக்கு 181.5. நல்ல காலேஜ்னா எத வச்சு முடிவு பண்றது? கோர்ஸா, காலேஜ் பேரா?

மஞ்சப்பை: மாமா, பேச்சை மாத்தாதீங்க. அலாட்மென்ட் வந்ததும் "இத ஏத்துக்கறேன், மேல காலியானா மாத்துங்க"ன்னு ஒரு வழி இருக்கா இல்லையா? உறுதியானத ஒண்ணாவதா போட்டவன் மேல எங்க போவான், மொட்டை மாடிக்கா?

ஈரோட்டு_மாமா: நக்கல் வேற. என் மச்சினன் பையன் நீங்க சொன்ன மாதிரிதான் பெரிய காலேஜா மேல அடுக்கினான். மொத ரவுண்டுல ஒண்ணுமே வரல. இதுக்கு என்ன சொல்றீங்க?

லேப்_ரெக்கார்டு: எத்தனை சாய்ஸ் போட்டான்?

ஈரோட்டு_மாமா: எட்டு. அது இங்க பேச்சில்ல.

லேப்_ரெக்கார்டு: அதுதான் பேச்சே! எட்டும் எட்டாத உயரத்துல இருந்தா எப்படி வரும்? கீழ இன்னும் அம்பது போட்டிருக்கணும்.

ஈரோட்டு_மாமா: அம்பது போட்டவன் அம்பதாவதுலதான் போய் விழுவான். கிடைக்கிறத முதல்ல பிடி. மூணாவது தடவையா சொல்றேன்.

குழம்புக்_கரண்டி: காலேஜ் எதுவா இருந்தா என்னப்பா, மெஸ்ஸைப் பாருங்க. நான் போன ஹாஸ்டல்ல திங்கக்கிழமை சாம்பார் புதன்கிழமை காரக்குழம்பா மறுபிறவி எடுக்கும். ரெண்டு பூட்டு வாங்கிட்டுப் போங்க, பெட்டிக்கு ஒண்ணு, அலமாரிக்கு ஒண்ணு. வாளில பேர் எழுதுங்க. நான் எழுதல. என் பச்சை வாளி நாலு வருஷம் மூணாவது மாடிலயே குடியிருந்துச்சு. முதல் வாரம் அழுகை வந்தா மாடிப்படிக்கு அடியில போய் அழுங்க, அங்கதான் சிக்னலும் கிடைக்கும்.

ஈரோட்டு_மாமா: இப்போ அழுகை, போன். எங்க காலத்துல சீனியர் ரெண்டு தட்டுத் தட்டுவான், ஒரே வாரத்துல செட் ஆயிடுவோம்.

மஞ்சப்பை: உங்க காலத்துக்கு முன்னாடியே, 1997ல, ராகிங் தடைச் சட்டம் வந்தாச்சு. ஒரு குத்தத்த இப்படிப் பெருமையா எழுதறீங்களே!

ஈரோட்டு_மாமா: ராகிங்னு நான் சொன்னேனா? தட்டுறதுன்னா முதுகுல தட்டிக் கொடுக்கிறது. தமிழும் நானே சொல்லித் தரணுமா?

குழம்புக்_கரண்டி: ரெண்டு தட்டுன்னதும் நான் இட்லித் தட்டுன்னு நினைச்சேன்.

ப்ளஸ்டூ_அம்மா: நாளைக்குச் சாயங்காலம் சாய்ஸ் லாக் ஆகுது. யாராவது சொல்லுங்களேன்.

ஈரோட்டு_மாமா: இருங்கக்கா, இந்தப் பொடியனுங்களுக்குப் பதில் சொல்லிட்டு வர்றேன்.